பேதி என்று நான் நினைத்தது

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, வீட்டுக்குக் கூட்டிவந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஐந்து நாளாகப் பேதி. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை, தண்ணீராக, அவளுக்கே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் நாளே பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். முன்பு எப்போதோ வாங்கி வீட்டில் கிடந்த அட்டை. யாரையும் கேட்கவில்லை. பேதிக்கு எதற்கு டாக்டர் என்ற நினைப்பு.

காயத்துக்குக் கட்டு மாற்ற வந்த நர்ஸ் அக்கா, நான் அன்றைக்கு மூன்றாவது முறையாகப் படுக்கை விரிப்பை உருவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கடைசியா கெட்டியா எப்போ போனாங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று கேட்டிருந்தால் மூச்சுவிடாமல் ஒப்பித்திருப்பேன். மலம் கழித்த நாளை மட்டும் யாரும் குறித்து வைக்கச் சொல்லவில்லை, நானும் வைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், வீட்டுக்கு வந்ததிலிருந்தே ஒழுங்காகப் போனதாக நினைவில்லை.

அது பேதியே இல்லை, மலச்சிக்கல். மறுநாள் மருத்துவர் கையுறை போட்ட விரலால் மலக்குடலைச் சோதித்துப் பார்த்தார். உள்ளே கல் மாதிரி இறுகிப்போய் அடைத்துக்கொண்டிருந்தது. மேலேயிருந்து வருகிற இளகிய மலம், வாய்க்காலை அடைத்த பாறையைச் சுற்றி நீர் கசிவது போல, அந்தக் கட்டியைச் சுற்றி வழிந்துகொண்டிருந்தது. நான் கொடுத்த மாத்திரை குடலின் அசைவை இன்னும் மந்தமாக்கி, அடைப்பை மேலும் இறுக்கியிருக்கிறது. அத்தனை நாளும் நோயைத்தான் வளர்த்திருக்கிறேன்.

எனிமா, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மலமிளக்கிப் பொடி என்று சரியாக ஒரு வாரம் ஆனது. அந்த வாரத்தில் எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது. மணிக்கொரு தரம் வந்துகொண்டிருந்த சிறுநீர் அவசரம் பாதியாகக் குறைந்துவிட்டது. அதையும் வயசானதால் வருவது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். மலக்குடலும் சிறுநீர்ப்பையும் ஒட்டிக்கொண்டு இருக்கிற உறுப்புகள். ஒன்று உப்பினால் மற்றது நசுங்கும். நசுங்கிய பையில் கொஞ்சம் சேர்ந்தாலே முட்டும், சில நேரம் முழுசாகக் காலியாகாமல் மிச்சம் தங்கி, அதனால் தொற்றும் வரும். மூத்திரப் பிரச்சினை என்று போனால் மலச்சிக்கல் இருக்கிறதா என்று கேட்பது அதனால்தான். கேட்கவில்லை என்றால் நாமே சொல்ல வேண்டும்.

ஏன் அடைத்தது? கூட்டிக் கழித்துப் பார்த்தால் எல்லாமே எங்கள் கண் முன்னால்தான் இருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் கொடுத்த ஓபியாய்டு வகை (மார்பின் போன்ற) வலி மாத்திரை குடலைத் தூங்க வைக்கும். அதோடு மலமிளக்கியும் சேர்த்துத் தருவது வழக்கம். எங்களுக்கு எழுதியிருந்தார்கள். 'பேதி' ஆகிறதே என்று நான்தான் அதை நிறுத்தினேன். இரத்தசோகைக்கான இரும்புச்சத்து மாத்திரையும் பலருக்கு மலத்தை இறுக்கும். படுத்தே கிடப்பதால் குடலுக்கு அசைவு இல்லை. இதற்கெல்லாம் மேலே, அம்மா தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தாள்.

அது எனக்குத் தெரியாது. ஜாடியில் தண்ணீர் குறைவது தெரியும். எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்துத் தொட்டிச் செடிக்குப் போய்க்கொண்டிருந்தது. குடித்தால் ஒண்ணுக்கு வரும், வந்தால் என்னைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் நான் அலுத்துக்கொள்வேன். அவள் கணக்கு அவ்வளவுதான். கணக்கில் தப்பில்லை, நான் அலுத்துக்கொண்டது உண்மைதான். "இப்பத்தானேம்மா போயிட்டு வந்தே?" என்பதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வார்த்தையைக்கூட விடுங்கள். வாயைத் திறக்காமல் விடுகிற பெருமூச்சு ஒன்று இருக்கிறதே, அதுவும் அவள் காதில் விழுந்திருக்கும்.

தண்ணீரைக் குறைத்தால் கசிவு குறையும் என்பது கேட்கச் சரியாகத்தான் இருக்கும். நடப்பது வேறு. சிறுநீர் கெட்டியாகி, பையின் உள்சுவரை எரிச்சலூட்டி, அவசரத்தை அதிகமாக்கும், மலமும் இறுகும். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ மருத்துவர் அளவு விதித்திருந்தால் அது தனி. மற்றபடி நாளெல்லாம் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போகட்டும், பெரும்பகுதி மாலைக்குள் முடியட்டும். நிறம் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். குறைக்க வேண்டியது டீ, காபியைத்தான். காஃபீன் பலருக்குச் சிறுநீர்ப்பையைத் தூண்டிவிடும்.

அதற்குப் பிறகுதான் நோட்டு போட்டேன். நர்ஸ் அக்கா சொன்னது மூன்று நாள் கணக்கு மட்டும். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தாள், எத்தனை மணிக்குப் போனாள், எவ்வளவு போனாள், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள். அளக்க ஒரு பழைய அளவுக் குவளை. முதல் நாள் அருவருப்பாக இருந்தது, இரண்டாம் நாள் அது வெறும் எண்.

பெரியவர்களின் சிறுநீர்ப்பை சுமார் 400 முதல் 500 மில்லி பிடிக்கும். 150, 200 சேரும்போதே முதல் உணர்வு வரும், ஆனால் தாங்கும். ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு முறை போவது இயல்பு. அம்மாவின் கணக்கில் பகல் முழுவதும் 80, 100, 90 என்றுதான் இருந்தது. மலச்சிக்கல் தீர்ந்தும் பழக்கம் தீரவில்லை; எதற்கும் போய்விட்டு வந்துவிடுவோம் என்று முன்கூட்டியே போய்ப்போய், பை நிறைவதையே மறந்திருந்தது. இரவிலோ எதிர்மாறாக, மூன்று தடவையும் 300-க்கு மேல். அதாவது பகலில் வர வேண்டியது இரவில் வருகிறது. இதை நோட்டில்லாமல் நான் கண்டுபிடித்திருக்க வாய்ப்பே இல்லை.

நோட்டைப் பார்த்ததும் மருத்துவர் கேட்டது: "இரத்த அழுத்த மாத்திரையை எப்போ கொடுக்கிறீங்க?" மாலையில். அந்த மாத்திரையில் உடலிலிருந்து நீரைப் பிரித்து வெளியேற்றும் மருந்தும் கலந்திருந்தது. காலைக்கு மாற்றச் சொன்னார். (மருந்து நேரத்தை நாமாக மாற்றக்கூடாது. அட்டையோடு போய்க் கேட்டால் ஐந்து நிமிட வேலை.) இரண்டாவது, கால் வீக்கம். பகலெல்லாம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தால் நீர் காலில் இறங்கி நிற்கும். இரவில் படுத்ததும் அது இரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் வழியாக வெளியே வரும். பிற்பகலில் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் உயர்த்திப் படுக்க வைத்தோம். இரவு மூன்று தடவை ஒன்றாகக் குறைந்தது. எனக்குத் தூக்கம் திரும்பி வந்தது. இடுப்பு முறிந்தவர்களுக்கு இரவில் இருட்டில் அவசரமாக எழுந்து ஓடுவதைவிட ஆபத்தானது வேறில்லை. அம்மா முதலில் விழுந்ததே அப்படித்தான்.

மல விஷயத்துக்கும் நோட்டில் ஒரு பத்தி ஒதுக்கினேன். பிரிஸ்டல் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, 1997-இல் வெளியானது. மலத்தின் வடிவத்தை ஏழு வகையாகப் படம் போட்டுக் காட்டும். 1 என்றால் கொட்டை கொட்டையாக, 7 என்றால் வெறும் தண்ணீர். 3-உம் 4-உம் நல்லது. இதில் எனக்குப் பிடித்தது, பேச வேண்டிய சங்கடம் போய்விட்டது. தம்பி போனில் "இன்னிக்கு எத்தனை?" என்பான், "நாலு" என்பேன், விஷயம் முடிந்தது. அம்மாவும் பின்னாளில் பரீட்சை மதிப்பெண் மாதிரி அவளே சொல்ல ஆரம்பித்தாள். ஒரு எச்சரிக்கை: பல நாள் போகாமல் இருந்துவிட்டுத் திடீரென்று 7 வந்தால், பேதி மாத்திரையைத் தொடாதீர்கள். முதலில் நர்ஸ் அக்காவின் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உட்காரும் விதம் இவ்வளவு முக்கியம் என்று நான் நினைத்ததே இல்லை. நாற்காலி போன்ற கழிப்பறைத் தொட்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தால், மலக்குடலைச் சுற்றி இழுத்துப் பிடித்திருக்கும் தசை முழுவதும் தளராது. பாதத்துக்கு ஒரு சின்ன முக்காலி போட்டு, முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் உயர்ந்து, முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றினால் வழி நேராகும். ஆனால் இடுப்பு அறுவை சிகிச்சை செய்தவர்கள் சிலரை அப்படி மடங்கக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள், கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். எங்களுக்கு முதல் மூன்று மாதம் அனுமதி இல்லை. நேரமும் முக்கியம். வயிற்றில் உணவு விழுந்ததும் குடல் ஒரு முறை புரண்டு அசையும், காலையில் அது பலமாக இருக்கும். காலை உணவு முடிந்து 20, 30 நிமிடத்தில் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு, அழைக்க ஒரு மணியைக் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்துவிடுவேன். இன்னொருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது யாருக்கு வரும்? நார்ச்சத்து நல்லதுதான், ஆனால் மெதுவாக, தண்ணீரோடு கூட்ட வேண்டும். அடைத்துக்கொண்டிருக்கும் குடலில் நார்ச்சத்துப் பொடியைக் கொட்டினால் அடைப்புதான் பெருகும்.

டயப்பரைப் பற்றி எனக்கு இப்போது ஒரு கருத்து உண்டு. அது கெட்டதில்லை, வெளியே போகவும் இரவுக்கும் பெரிய உதவி. தப்பு, அதை முதல் பதிலாக வைப்பது. நான் அப்படித்தான் செய்தேன். "டயப்பர் போட்டிருக்கேன், அதுல போயிடும்மா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்த நாட்கள் உண்டு. போக முடிகிற ஒருவரை அப்படிச் சொல்வது என்ன செய்யும் என்று அவள் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. அப்புறம் இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை நானே கேட்டு அழைத்துப்போவது என்று மாற்றினோம். கேட்பதிலும் ஒரு பாங்கு இருக்கிறது. "வருதா?" என்றால் இல்லை என்பாள். "நான் அந்தப் பக்கம்தான் போறேன், கூட வர்றியா?" என்றால் வருவாள்.

தோல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டியிருந்தது. சிறுநீரும் மலமும் சேர்ந்து படும் இடம் சீக்கிரம் வெந்துபோகும். சாதாரண சோப்பு காரத்தன்மை உள்ளது, அமிலத்தன்மை கொண்ட தோலை அது இன்னும் பாழாக்கும். வெதுவெதுப்பான நீர் அல்லது மென்மையான கழுவும் திரவம், முன்னிருந்து பின்னாகத் துடைப்பது, தேய்க்காமல் ஒற்றி எடுப்பது, காய்ந்த பிறகு ஈரம் படாமல் தடுக்கும் களிம்பு மெல்லிசாக. அப்பினால் டயப்பர் உறிஞ்சாது. ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு டயப்பர் போடுவதும் வீண், உள்ளே இருப்பது ஈரத்தை மேலதுக்கு விடாது, சூடும் அழுத்தமும்தான் மிச்சம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம், அன்றைக்கே காட்டிவிட வேண்டும். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. நிறமாற்றம், சூடு, கெட்டித்தன்மை என்று கைவிரலால்தான் பார்க்க வேண்டும்.

ஒரு நள்ளிரவில் அம்மா என்னை அவளுடைய அக்கா என்று நினைத்துப் பேசத் தொடங்கினாள். மாலை வரை தெளிவாக இருந்தவள். நான் மறதி நோய் என்று முடிவுகட்டி அழுதுவிட்டேன். காய்ச்சலும் அடிவயிற்று வலியும் இருந்தன, சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்ததும் நாலைந்து நாளில் பழைய அம்மா வந்துவிட்டாள். வயதானவர்களிடம் திடீர்க் குழப்பம் வந்தால் உடனே காரணம் தேட வேண்டும். தொற்றாக இருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், நீர் வற்றிப்போனதாக இருக்கலாம், மருந்தாகவும் இருக்கலாம். அதே சமயம் சிறுநீர் நாறுகிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கேட்டு நிற்கக்கூடாது என்பதையும் கற்றுக்கொண்டேன். வயதானவர்கள் பலரின் சிறுநீரில் தொந்தரவு தராத கிருமிகள் இருக்கும், அதற்கு மருந்து தேவையில்லை.

காத்திருக்கவே கூடாதவையும் உண்டு. சிறுநீரிலோ மலத்திலோ இரத்தம். தார் போலக் கருத்து ஒட்டும் மலம் (இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கருப்பாக்கும், ஆனாலும் கேட்டுவிடுங்கள்). வாரக்கணக்கில் மாறிப்போன மலப் பழக்கம். காரணமில்லாமல் எடை குறைவது. வயிறு முட்டியும் சிறுநீர் வராமல் துடிப்பது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். முதுகுவலியோடு தொடையிடுக்கில் மரத்துப்போய், திடீரென்று அடக்க முடியாமல் போனால் அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இனி என் கதை.

அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கி நிறுத்தும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கசிந்துகொண்டிருந்தது. இரண்டாவது பிரசவத்திலிருந்தே இருமினால் அப்படித்தான். இப்போது தூக்கினாலும். நான் யாரிடமும் சொல்லவில்லை. மாதவிடாய் நாட்களுக்கு வைத்திருந்த பேடைத் தினமும் வைத்துக்கொண்டேன். அடர்நிற உடையாகப் பார்த்து உடுத்தினேன். பகலில் தண்ணீர் குடிக்க மறந்தேன். போக நேரமில்லாமல் மணிக்கணக்கில் அடக்கினேன். மலம் கழிக்க உட்கார்ந்தால் மணி அடிக்கும், பாதியில் எழுந்து ஓடுவேன். அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றியதைக் கண்டுபிடித்து அவளைக் கடிந்துகொண்ட அதே நாளில், நான் காலையிலிருந்து ஒரு டம்ளர்கூடக் குடித்திருக்கவில்லை.

இதைக் கவனித்ததும் நர்ஸ் அக்காதான். அம்மாவைத் தூக்கிவிட்டு நான் ஒரு கணம் தொடையை இறுக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறார். வெளியே போகும்போது, "உங்களுக்கும்தான் சொல்றேன், இதுக்கு வழி இருக்கு" என்றார். நான் "எதுக்கு?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, நான்தான் முதலில் சிரித்து, அப்புறம் அழுதேன்.

இடுப்புத்தளப் பயிற்சி, அதாவது சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்கும் தசைகளுக்கான பயிற்சி. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் அர்னால்ட் கெகல் 1948-இல் எழுதிவைத்தது, அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். வாயுவையும் சிறுநீரையும் ஒரே சமயத்தில் அடக்குவது போல உள்ளே இழுத்துப் பிடித்து விட வேண்டும். குறைந்தது எட்டு முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதம். மூச்சை அடக்கக்கூடாது, வயிறும் பிட்டமும் இறுகக்கூடாது. சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்வது கூடாது. என் முதல் ஒன்றரை மாதம் வீண், தப்பான தசையை இறுக்கிக்கொண்டிருந்தேன். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் சரிபார்த்துக் கொடுத்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. அவர் சொன்ன இன்னொன்று உடனே பலன் தந்தது: தூக்குவதற்கும் இருமுவதற்கும் ஒரு நொடி முன்னால் அந்தத் தசையை இறுக்கிவிடுவது. தூக்குவதையே குறைக்கவும் கற்றுக்கொடுத்தார். அம்மாவை இருக்கையின் விளிம்புக்கு நகர வைத்து, பாதத்தைப் பின்னுக்கு இழுக்க வைத்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை முன்னால் சாய வைத்தால், முக்கால்வாசி அவளே எழுந்துவிடுவாள்.

உதவி கேட்பதில்தான் நான் மோசம். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று எல்லோரும் சொன்னார்கள், நான் எதையும் சொல்லவில்லை. 'ஏதாவது' என்பதற்கு எந்தப் பதிலும் பொருந்தாது. ஒரு நாள் தம்பியிடம் சலிப்பில் கேட்டுவிட்டேன்: "வெள்ளியும் சனியும் ராத்திரி நீ வந்து படுத்துக்கோ. ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போகணும், கழுவி விடணும். முடியுமா?" அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எனக்குக் கத்துக்கொடு" என்றான். அம்மாவுக்கு மகனிடம் கூச்சம். முதல் வாரம் அவன் வரும் இரவுகளில் தண்ணீரே குடிக்கவில்லை. அவன் அதற்கு ஒரு வழி வைத்திருந்தான். இடுப்புக்கு மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, துண்டுக்கு அடியிலேயே வேலையை முடிப்பான், வாய் மட்டும் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கும். அம்மாவுக்குக் கிரிக்கெட்டில் ஒன்றும் தெரியாது. அதுதான் வசதியாக இருந்தது.

அந்த இரண்டு இரவுத் தூக்கம் எனக்கு எந்த மாத்திரையும் தராததைத் தந்தது. எரிச்சல் குறைந்தது. பெருமூச்சும்.

இப்போது அம்மா நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தானே போய் வருகிறாள். கசிவு முழுவதும் நிற்கவில்லை, வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் உண்டு. நோட்டு இன்னும் கட்டிலடியில் இருக்கிறது, இப்போது அவள் கையெழுத்தில். சிறு வயதில் வெளியே கிளம்பும்போதெல்லாம் வாசலில் நிறுத்தி எங்கள் இருவரையும் ஒரு கேள்வி கேட்பாள். போன வாரம் வேலைக்குக் கிளம்பி நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அதே குரல்.

"கண்ணு, ஒண்ணுக்குப் போயிட்டியா?"

போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.